பெயர் போடாமல் வைத்த வரிசை

உம்ம மகள் ஸ்டெல்லா இன்று காலை உம்ம பீரோவைத் திறந்தாள். நான் வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று வந்து மூக்கில் ஏறியது. அது பீரோவின் வாசம் இல்லை, நீர் வேலை பார்த்த யுனிவர்சிட்டி லைப்ரரியின் வாசம். புத்தக அலமாரிகளில் பூச்சி வராமலிருக்க நீர் போட்டுவைத்த உருண்டைகளின் வாசம் உம்ம சட்டையிலும் ஏறிவிட்டது. ரிட்டையர் ஆன பிறகும் அந்த வாசம் போகவில்லை. சயானில் பஸ் ஏறி உம்ம பக்கத்தில் உட்கார்ந்தால், "ஒரு மூட்டைப்பூச்சியும் உம்மைக் கடிக்காது, வே" என்பேன். "கடிக்கதுக்குத்தான் நீரு இருக்கீரே" என்பீர்.

டீயை வைத்துவிட்டு, ஸ்டெல்லாவைப் பேனா எடுக்கச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டாள். உங்க அப்பாவுக்கு என்றேன். பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு எழுத வராது என்பது உமக்குத் தெரியாததா? நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பேச்சை அப்படியே எழுதினால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று நல்ல தமிழாக்கி எழுதுகிறாளாம். எழுதட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

உம்மிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். நீர் லைப்ரரிக்கு எழுதிக்கொடுத்த திட்டத்தில் ஒரு வரியை நான் எடுத்துவிட்டேன். நீர் எந்த வரிக்காக அதிகம் வாதாடினீரோ அந்த வரியை. ஏன் எடுத்தேன் என்று என் வாயால் உமக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் திட்டம் உமக்கு எப்படித் தோன்றியது என்பது எனக்கு இன்னும் கண் முன்னே இருக்கிறது. பரீட்சைக் காலம். மெயின் ரோட்டு டீக்கடையில் அரை கிளாஸ் கட்டிங் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நீர் தனியாகச் சிரித்தீர். என்ன வே, காலையிலேயே கழண்டுபோச்சா என்றேன். நேற்று லைப்ரரி திறக்கப் போனபோது வாசலில் பிள்ளைகளைக் காணோம், பிள்ளைகளின் பொருள்கள்தான் வரிசையாக நின்றன என்றீர். உள்ளே படிக்கும் அறையில் இடம் பிடிப்பதற்காக ஒருவன் பையை வைத்திருக்கிறான், ஒருத்தி தண்ணீர் பாட்டிலை வைத்திருக்கிறாள், ஒருவன் ஹெல்மெட்டை, ஒருவன் ஒற்றைச் செருப்பை. எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

"நம்ம பைப்பு லைனு அங்கயும் கெடக்கு, வே" என்றீர்.

தாராவியில் நம் சந்துக்கு ஒரே குழாய் இருந்த காலத்தை அன்றைக்கு முழுக்கப் பேசினோம். தண்ணீர் எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது, முனிசிபாலிட்டிக்கும் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் அதுவரை நிற்க முடியுமா? ஆளுக்குப் பதிலாக ஒரு பொருளை வைத்துவிட்டுப் போவோம். நல்ல குடத்தை வைத்தால் காணாமல் போய்விடும் என்பதால், எவனும் தொடாத பொருளாகப் பார்த்து வைப்போம். ஓட்டை பெயிண்ட் டப்பா, பிடி போன வாளி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் அடித்தட்டு. தோல் கிடங்கில் வேலை பார்த்த நான் உடைந்த செருப்பு அச்சு ஒன்றை வைத்திருந்தேன். செல்வக்கனி அப்போது புதுப்பெண்; பாதிச் செங்கல் ஒன்றில் நீல வயரைச் சுற்றி வைத்திருந்தாள். எந்தப் பொருள் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் எழுத்து வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் எனக்கு அந்த வரிசை பிடிக்கும்.

டீக்கடைக்காரர் கிளாஸைப் பிடுங்காத குறை. நீர் எழுந்திருக்கவில்லை. லைப்ரரி வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சொன்னீர். அதில் பழைய காசு வைப்பார்கள், ராஜா படம் வைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து மாற்றி வேறு ஒன்று வைப்பார்கள். என்ன வைக்கலாம் என்று புரொஃபசர் மட்டும் இல்லை, அங்கே வேலை பார்க்கிற யாரும் எழுதிக் கொடுக்கலாமாம். எதைக் காட்டப் போகிறோம், எதற்காக, பொருளை யார் சேகரித்துத் தருவார், எங்கே எப்படி வைப்பது, இவ்வளவும் எழுத வேண்டும். அத்தனை வருஷம் மற்றவர்களின் பொருளைத் துடைத்து அடுக்கி வைத்த நீர், நாமும் ஒன்று எழுதிக் கொடுத்தால் என்ன என்றீர்.

நான் என்ன சொல்லியிருப்பேன்? ஓட்டை டப்பாவைப் பார்க்க எவன் வருவான், உமக்குக் கிறுக்கு என்றேன். நீர் ஸ்டூலை இழுத்துப் போட்டு இன்னும் பக்கத்தில் வந்தீர்.

"நல்லா மறுத்துப் பேசும், வே. அங்க என்னென்ன கேப்பானோ அதெல்லாம் நீரு இங்கயே கேட்டுருதீரு."

அப்படித்தான் அந்தத் திட்டம் உருவானது. நீர் ஒன்று சொல்வீர், நான் இடிப்பேன். வீட்டுக்குப் போய் மாற்றி எழுதிக்கொண்டு மறுநாள் வந்து படித்துக் காட்டுவீர். நான் திரும்பவும் இடிப்பேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீர் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அந்த வீட்டுக்காரரின் பெயரை எழுத வேண்டும் என்றீர். எதற்கு வே பேர், டப்பா போதாதா என்றேன். ராஜாவின் கத்தி என்றால் கீழே ராஜாவின் பெயர் இருக்கும், சமையல் பானை என்றால் 'பழைய பானை' என்று மட்டும் இருக்கும், அதைத் துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துவிட்டது என்றீர்.

"பேரு இல்லாம வச்சா அது குப்பை. பேரு போட்டாத்தான் அங்க ஒரு ஆளு நிக்கான்."

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. எனக்குப் பதில் வராத நாட்களில் டீக்கு நீர்தான் காசு கொடுப்பீர், ஜெயித்த சந்தோஷத்தில்.

முதல் தடவை கொடுத்தபோது அப்போதிருந்த பெரிய அதிகாரி, சாமான்கள் எதற்கு, போட்டோ ஒட்டினால் போதுமே என்று ஓரமாக வைத்துவிட்டார். நீர் ரிட்டையர் ஆனீர். புதிதாக ஒரு மராத்தி மேடம் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வெளியாளாகவே போய்த் திரும்பவும் கொடுத்தீர். பதில் வருவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலும் அதைப் பற்றித்தான் பேசினீர். சயான் கல்லறையில் உம்மை வைத்துவிட்டு வந்த அன்று, அந்தக் காகிதத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்தேன்.

மழை முடிந்த சமயம் ஸ்டெல்லா அந்த மேடத்தை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். திட்டத்துக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. தீபாவளி லீவுக்கு முன் பொருள்கள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்துக் காத்திருக்கும் தபால்தலைக் கண்காட்சிக்கு அந்த இடம் போய்விடும். சரி, அதற்கு என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டேன். மேடம் காகிதத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பொருள்களைச் சேகரித்துத் தருபவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததாம். என்னை ஒரு வார்த்தை கேட்டீரா, வே? அன்று உம்மைத் திட்டிய திட்டை ஸ்டெல்லா எழுத மாட்டேன் என்கிறாள்.

வீடு வீடாகப் போனேன். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பார்த்தால் என் வாசலில் சாமான் குவிந்து கிடக்கிறது, கண் கூசுகிறது. புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடங்கள், கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் குடம், ஸ்டிக்கர் கிழிக்காத புது பிளாஸ்டிக் வாளி. ஒருவன் பெயிண்ட் டப்பாவைத்தான் கொண்டுவந்தான், அதுவும் வெள்ளிப் பெயிண்ட் அடித்து. யோவ், இதையா லைனில் வைத்தீர்கள், வைத்திருந்தால் மறுநாள் திருட்டுச் சாமான் விற்கிற சோர் பஜாரில் அல்லவா கிடந்திருக்கும் என்று கத்தினேன். அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பெரிய இடத்தில் வைக்கப்போகிறார்கள், அழுக்கு டப்பாவைக் கொடுத்து நம் மானத்தை நாமே வாங்கிக்கொள்வதா என்று கேட்டார்கள். நீர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர், சிரித்து முடித்து அவர்களைச் சம்மதிக்க வைத்திருப்பீர். எனக்கு மறுத்துப் பேசத்தான் தெரியும். ஆமாம் போட வைப்பது உம்ம வேலையாக இருந்தது.

செல்வக்கனி எதையும் கொண்டுவரவில்லை. அவள் செங்கல் அவள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. காற்றில் கதவு அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள், நீல வயர் அப்படியே இருக்கிறது. கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கொடுக்காவிட்டால் மற்றவர்களும் பழைய பொருளைக் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சந்தில் அவள் சொல்தான். திரும்பவும் போனேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"பிரியா அங்கதான எம்.ஏ. படிக்கா, அண்ணாச்சி. தாராவின்னு சொன்னா கூடப் படிக்கதுக மூஞ்சி மாறுதாம். மொத வருசம் அழுதுட்டு வந்தா. நாந்தான் பக்கத்து ஏரியா மாட்டுங்காவைச் சொல்லிக்கோன்னேன். இப்பம் எம் பேரை எழுதி அங்க வைப்பியளா? அவ மார்க் ஷீட்டுலயே அம்மா பேரு இருக்கு. எம் பேரு என்ன, ஊருக்கு நாலு பேரு வைக்கிற பேரா?"

பிரியாவை உமக்கு நினைவிருக்கும், அவள் கடைசி மகள். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு பிறந்தவள், அந்த வரிசையையே பார்த்ததில்லை.

இது முடியாது என்று மேடத்துக்குப் போன் போடச் சொன்னேன். அவர் விடவில்லை, நேரே புறப்பட்டு வந்தார். செல்வக்கனி வீட்டுப் படியில் உட்கார்ந்து, கொடுக்கச் சொல்லி ஒரு வார்த்தையும் கேட்காமல், எப்படி வைக்கலாம் என்று வரைந்த படத்தை மட்டும் விரித்துக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னப் பொருள் முன்னாலும் பெரிய பொருள் பின்னாலுமாக அழகாக அடுக்கியிருந்தது. செல்வக்கனி காய் நறுக்குவதை விடாமல் ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது என்ன, ஸ்கூல் போட்டோவா? மொதல்ல வந்தவ டப்பாதான மொதல்ல நிக்கும்? கண்ணாடிக்குள்ள வச்சா எப்படித் தள்ளுவா?"

எதைத் தள்ளுவது என்று மேடம் கேட்டார். அதை நீர் எழுதாமல் விட்டிருந்தீர், வே. தண்ணீர் வந்து லைன் நகரும்போது, ஆள் வராத பொருளை யாரும் ஒதுக்கிப் போட மாட்டோம். பின்னால் நிற்கிறவள், இரண்டு கையிலும் குடம் இருக்கும் என்பதால், காலால் ஒரு தள்ளுத் தள்ளி அதையும் முன்னால் நகர்த்திக்கொண்டே வருவாள். வேலைக்குப் போனவள், காய்ச்சலில் கிடப்பவள், பிரசவத்துக்குப் போனவள், யாருடைய இடமும் போகாது. செல்வக்கனி எழுந்து நின்று, பக்கத்திலிருந்த தேங்காய் மூடியைக் காலால் தள்ளி ஹிந்தியில் விளக்கினாள். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். அப்படியானால் முதல் இடம் யாருடையது என்று மேடம் கேட்டதுதான் தாமதம், சண்டை தொடங்கிவிட்டது. எங்கள் வீடுதான் எப்போதும் முதல் என்றாள் செல்வக்கனி. நீ எந்திரிக்கும்போது நாங்க தண்ணி புடிச்சுக் குளிச்சே முடிச்சிருப்போம் என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவரவர் நினைவில் அவரவர்தான் முதல். மேடம் சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னார். லைன் தினமும் ஒரே மாதிரி இருந்ததில்லையே, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரிசையை மாற்றி வைப்போம், பெட்டிக்குள் வேண்டாம், வாசலிலிருந்து சுவர் ஓரமாகத் தரையிலேயே வைப்போம் என்றார். அது உமக்கும் எனக்கும் தோன்றாத யோசனை.

எல்லோரும் போன பிறகு செல்வக்கனி என்னிடம் சொன்னாள். செங்கல்லைத் தருகிறாள், பெயர் மட்டும் கூடாது.

மேடத்திடம் கேட்டேன். பெயர் வேண்டும் என்றுதான் உங்கள் சிநேகிதர் எழுதியிருக்கிறார், பெயர் இல்லாவிட்டால் குறைதான், ஆனால் பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க டீக்கடையில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டால், பெயரில்லாத அந்த ஒன்றின் மேல்தான் எல்லோர் கண்ணும் விழும். எடுத்தால் எல்லாப் பெயரையும் எடுக்க வேண்டும். எடுக்கச் சொன்னேன்.

மற்றவர்களிடம் போய்ச் சொன்னபோது முனகினார்கள், திட்டினார்கள், அதெல்லாம் பரவாயில்லை. வெள்ளிப் பெயிண்ட் அடித்த முருகேசன் செய்ததுதான் இன்னும் என்னை அறுக்கிறது. அது அவன் அம்மாவின் டப்பா. அவள் பெயர் வேறு எங்கும் எழுதப்பட்டதில்லை, ரேஷன் கார்டைத் தவிர. மண்ணெண்ணெய் போட்டு அந்தப் பெயிண்டைத் துடைத்து, பழைய துரு தெரிய என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

திறப்பு நாளன்று எங்கள் சந்து ஆட்களில் பாதிப் பேர் வந்தார்கள். நான் லைப்ரரிக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். வாசலிலிருந்து டப்பாவும் வாளியும் ஸ்டவ்வின் அடித்தட்டும் என் அச்சும் செங்கல்லும் வரிசையாக நின்றன. சுவரில் 'ஒரு சந்தின் தண்ணீர் வரிசை' என்று மூன்று மொழியில் எழுதி, கீழே தள்ளும் வழக்கத்தையும், யோசனை உம்முடையது என்பதையும் போட்டிருந்தார்களாம், ஸ்டெல்லா படித்துச் சொன்னாள். உம்ம பெயர் ஒன்றுதான் அங்கே இருந்தது.

செல்வக்கனி நல்ல சேலை கட்டிக்கொண்டு, யாருடைய சொந்தக்காரியும் இல்லாதவள் மாதிரி ஒதுங்கி நின்றாள். அப்போது பிரியா நாலைந்து சிநேகிதிகளோடு உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அது அவர்கள் வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தது என்று நினைக்கிறேன். சிநேகிதிகளில் ஒருத்தி செங்கல்லைக் காட்டி ஹிந்தியில் ஏதோ கேட்டுச் சிரித்தாள், பிரியாவும் சிரித்தாள். செல்வக்கனி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் போனவளின் கால் இடித்து அந்தச் செங்கல் வரிசையை விட்டு விலகிப்போய் நின்றது. மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்த பிரியா, பேச்சை நிறுத்தவில்லை, குனியவும் இல்லை. செருப்புக் காலால் ஒரு தள்ளுத் தள்ளி அதை வரிசையில் சேர்த்துவிட்டுப் போனாள். கை இரண்டிலும் புத்தகம் இருந்தது.

செல்வக்கனி என் பக்கத்தில் வந்து நின்றாள். "வீட்டுல மோட்டாரைப் போட்டுட்டு வந்துட்டேன், அண்ணாச்சி. போவமா?" என்றாள். பஸ் சயான் சிக்னலில் நின்றபோது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இதுதான் நடந்தது, வே. பெயரைப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை அந்தப் பக்கமே வந்திருக்காது என்று உம்மிடம் சொல்வேன். அப்படியானால் முருகேசனின் அம்மா என்ன பாவம் செய்தாள் என்று நீர் கேட்பீர். ஒரு பிள்ளை படித்து முடிக்கும் வரைக்கும்தானே என்பேன். கண்காட்சி அதுவரைக்கும் நிற்குமா என்பீர். தினமும் டீக்கடையில் இதுதான் நடக்கிறது. உம்ம பக்கத்து நியாயத்தையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை உம்மளவு நன்றாகச் சொல்லவும் வந்துவிட்டது. உம்மை மறுத்துப் பேசுவதை என்னால் விட முடியவில்லை. சில நாள் நான் ஜெயிக்கிறேன். பல நாள் நீர்தான் ஜெயிக்கிறீர். அன்றைக்கும் டீக்குக் காசு நான்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.